எடை மேடைத் தில்லையம்மாளின் ஓசி சாப்ட்வேர்

எழிலன் தில்லையம்மாளை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு லாரி டிரைவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். 2008, பொங்கல் முடிந்த வாரம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் சாயப்பொருள் செய்கிற ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்து அன்று இரண்டாவது நாள். கேட்டைத் தாண்டியதும் வலதுபக்கம் எடை மேடை. லாரி ஏறி நிற்க ஒரு நீளமான இரும்புப் பலகை, அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். அந்த அறையின் ஜன்னலிலிருந்துதான் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"காத்தவராயன் அண்ணே, எறங்கி நில்லுங்க. நீங்க உள்ள உக்காந்திருந்தா உங்க எடையும் சேந்துதான் வரும்."

"நான் என்னாம்மா எடை இருக்கப் போறேன்? காத்தடிச்சா பறந்துடுவேன்."

"காலி வண்டிய எடை போட்டப்ப எறங்கித்தான நின்னீங்க? இப்ப ஏறி உக்காந்தா எழுவது கிலோ ஜாஸ்தி காட்டும். அதையும் சாயம்னு சொல்லி வித்துடலாமா?"

சுற்றி நின்ற லோடுமேன்கள் சிரித்துவிட்டார்கள். காத்தவராயன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். எழிலனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும், எடை மேடைப் பெண்தானே என்ற நினைப்போடுதான் அவன் அந்த இடத்தைக் கடந்து போனான். அதை அவன் பிற்பாடு ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. புவனகிரிப் பக்கத்துக் கிராமம். அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அண்ணாமலை நகரில் வேதியியல் பட்டம் வாங்கி, அதோடு சிதம்பரம் மேலவீதியில் ஒரு சென்டரில் எம்எஸ் ஆபீஸும் படித்து, இரண்டு சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் அப்பா அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கு வெளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

சிதம்பரத்திலிருந்து கம்பெனி வேன் காலை ஆறரைக்குப் புறப்படும். அதில் வருகிறவர்களில் அவளும் ஒருத்தி. கடலோரக் கிராமமான கிள்ளையிலிருந்து அவள் அம்மா முத்தம்மாள் இறால் கூடையோடு மார்க்கெட்டுக்கு வருகிற முதல் பஸ்ஸில் அவளும் வந்து, வேன் நிற்கிற இடத்தில் தயாராக இருப்பாள். ஒரு நாள் அவன் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

"நீ என்ன படிச்சிருக்க?" என்று கேட்டான்.

"ப்ளஸ் டூ சார். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்."

"எம்எஸ் ஆபீஸ் தெரியுமா?"

"ஸ்டார் ஆபீஸ் தெரியும் சார்."

அவன் சிரித்தான். "ஸ்டார் ஆபீஸா? அது எந்த ஊர் ஆபீஸ்?"

"சிரிங்க சார். இதே கேள்விய மூணு இன்டர்வியூல கேட்டு மூணு பேரும் இப்புடித்தான் சிரிச்சாங்க. நீங்க நாலாவது ஆளு."

அந்தக் காலத்து ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் கடிதம் அடிப்பதும் கணக்குத் தாள் போடுவதும் ஸ்டார் ஆபீஸில்தான் இருந்தது. அரசுப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பிள்ளைகள் அதை வரி வரியாக மனப்பாடம் செய்து, செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு வெளியே வந்தால், வெளியில் எல்லாரும் வேர்டு, எக்ஸெல் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தது ஒன்று, கேட்பது வேறொன்று. அப்படித்தான் தில்லையம்மாளுக்கு ஆபீஸ் வேலை கிடைக்காமல் போயிற்று. ஒரு கான்ட்ராக்டர் மூலமாக எடை மேடைக்கு வந்து சேர்ந்தாள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள் அட்டை. கம்பெனி ரோலில், அதாவது நிரந்தர வேலையில், இருப்பவர்களுக்கு நீல அட்டை. மஞ்சள் அட்டைக்காரரிடம் "நாளையிலேருந்து வராத" என்று சொல்ல ஒரு காரணமும் வேண்டாம். தில்லையம்மாள் ரோலுக்கு இரண்டு தடவை விண்ணப்பம் கொடுத்தாள். இரண்டு தடவையும் பதிலே வரவில்லை.

இப்படியே ஒன்றேகால் வருஷம் ஓடியது. 2009 மே மாதம் முதல் வாரத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தது. உங்கள் கம்ப்யூட்டர்களில் இருக்கிற சாப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கிறதா, ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கடலூர் பேக்டரியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். விண்டோஸ் மட்டும் எல்லாவற்றிலும் ஒழுங்காக வாங்கியது. அதற்கு மேலே இருந்த ஆபீஸ் சாப்ட்வேர் முழுக்க ஒரே ஒரு திருட்டு சிடியிலிருந்து வந்தது. அந்த சிடி யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள்.

அலுவலக மேனேஜர் கனகசபாபதி எல்லாரையும் கூப்பிட்டார். சிதம்பரம் கீழச் சன்னதிக்காரர், நெற்றியில் திருநீறு அழியாமல் மாலை வரை இருக்கும். எக்ஸெல்லில் அந்தப் பேக்டரியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் போட்டு வைத்த தாள்களில்தான் மொத்த அலுவலகமும் ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டுக்கும் லைசென்ஸ் வாங்கலாம். இல்ல, காசில்லாம கிடைக்கறது எதையாவது போட்டுக்கலாம். முதல்ல அதைப் பாருன்னு சொல்றாங்க சென்னையில. எனக்கு இஷ்டமில்ல. ஆனா யாராவது பொறுப்பு எடுத்துக்கிட்டா பாக்கலாம்" என்றார்.

டெஸ்பாட்ச் பார்க்கும் லலிதாம்பிகை, "எனக்கு பட்டன் இடம் மாறுனாலே கை ஓடாது சார்" என்றார். அப்போது எடைச் சீட்டுக் கட்டைக் கொடுக்க வந்து கதவோரம் நின்றிருந்த தில்லையம்மாள், "நான் பண்றேன் சார்" என்றாள்.

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"நீ என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டார் கனகசபாபதி.

"ஓப்பன் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு சார். நாங்க ஸ்கூல்ல படிச்ச ஸ்டார் ஆபீஸோட கூடப்பொறந்தது. இன்டர்நெட்லேருந்து எறக்கிக்கலாம். நம்ம எக்ஸெல் பைலையும் அது தொறக்கும். எத்தன கம்ப்யூட்டர்ல வேணாலும் போடலாம், நாமளே காப்பி பண்ணி பக்கத்து கம்பெனிக்கும் குடுக்கலாம். அப்புடிக் குடுங்கன்னுதான் அதைச் செஞ்சவங்களே எழுதி வச்சிருக்காங்க. எந்த வக்கீலும் லெட்டர் போட முடியாது."

"ஓசில வர்றது எப்படிம்மா உருப்படியா இருக்கும்?"

"எங்க ஊரு உப்பனாத்துல எறங்கறதுக்கு யாரு சார் டிக்கெட் குடுக்குறாங்க? எறா வரலையா?"

"நண்டும் கடிக்குமே."

"கடிச்சா நான் பாத்துக்கறேன் சார்."

கனகசபாபதி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எல்லார் முன்னாலும் சொன்னார்: "சரி. ஜூன் மாசம் முதல் லோடு சென்னை துறைமுகத்துக்குப் போய், கஸ்டமர் பேப்பரைப் பாத்து சரின்னு சொல்லணும். சொன்னா உன்னை ரோலில் எடுக்கச் சொல்லி நானே எழுதறேன். சொதப்பினா எடை மேடைக்கும் நீ வர வேணாம். சம்மதமா?"

"சம்மதம் சார்."

வேனில் வரும்போது எழிலன் கேட்டான், "ஏன் தில்லை, வேல போச்சுன்னா என்னா பண்ணுவ?"

"இப்ப மட்டும் அது என்னாண்டயா இருக்கு?" என்றாள்.

மே பதினாறு, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. ஆபீஸ் மொத்தமும் கேன்டீன் டிவி முன்னால் குவிந்துகிடந்தது. யார் முன்னணி, யார் பின்னணி என்று அங்கே கூச்சல். தில்லையம்மாள் அந்த நாளைத்தான் கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். காலி நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். எழுத்துப்பிழை பார்க்கிற அகராதி அமெரிக்க ஆங்கிலத்தில்தான் கூடவே வந்தது. அது வேலை செய்ய வேண்டும் என்று மொழி அமைப்பில் இருந்த எல்லாக் கட்டத்திலும் அமெரிக்க ஆங்கிலம் என்றே வைத்தாள். பள்ளிக்கூட லேபில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அவளும் செய்முறை நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

கனகசபாபதியின் தாள்களில் சில அப்படியே திறக்கவில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் தானாகக் கூட்டிக்கொடுக்கும்படி அவர் எழுதி வைத்திருந்த வேலைகள் இதில் ஓடாது. தில்லையம்மாள் அவற்றைப் பார்முலா போட்டு முதலிலிருந்து கட்டினாள். எது எங்கே இருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, நகலெடுத்து, ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டினாள். லலிதாம்பிகை மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு நாலாவது நாள், "ஏண்டி, இதுல பேப்பரை பிடிஎஃப்பா மாத்த பட்டனே இருக்கே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவளையே திட்டினார். பதினாறாம் தேதி தொடங்கி முப்பத்தோராம் தேதி வரை ஒரு தாளிலும் ஒரு தவறும் இல்லை. கனகசபாபதி தினமும் ஏதாவது தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

ஜூன் முதல் மூன்று நாள் பாய்லர் பராமரிப்பு. பேக்டரி ஓடவில்லை, ஆபீஸுக்கும் விடுமுறை. நாலாம் தேதி வியாழக்கிழமை காலை முதல் லோடு. நாற்பது பீப்பாய். அதோடு ஆய்வுக்கூடத்துச் சான்றிதழ் போக வேண்டும்: சரக்கு எப்போது தயாரித்தது, எப்போது சோதித்தது, தரம் என்ன என்று. எழிலன் தேதிகளைத் தட்டி, எண்களை இரண்டு தடவை சரிபார்த்து, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். காத்தவராயன் லாரியை எடை மேடையில் ஏற்றி, ஒழுங்காக இறங்கி நின்று, எடை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருபது நிமிஷம் இருக்கும். ஆய்வுக்கூடத்துக் கதவு படாரென்று திறந்தது. தில்லையம்மாள் கையில் அலுவலக நகல்.

"சார், இந்த சரக்கு எப்ப செஞ்சது?"

"மே முப்பது. அதான் போட்டிருக்கே."

"எப்ப சோதிச்சீங்க?"

"இன்னைக்குத்தான்."

"பேப்பர்ல ஏப்ரல் ஆறுன்னு இருக்கு. பொறக்கறதுக்கு முன்னாடியே காது குத்திட்டீங்களே சார்!"

எழிலன் பிடுங்கிப் பார்த்தான். அவன் தட்டியது 04/06/2009. தாளில் இருந்தது 06/04/2009. கீழே அவன் கையெழுத்து, நீல மையில், அழகாக.

"எடைச் சீட்டோட சேத்து பின் போடும்போதுதான் பாத்தேன்" என்றாள் அவள். முதலில் காத்தவராயனுக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"மஞ்சக்குப்பம் தாண்டப் போறேன் தங்கச்சி. என்னா, திரும்ப எறங்கி நிக்கணுமா?"

"வண்டிய ஓரமா நிறுத்திட்டு ஒரு டீ குடிங்க. பேப்பர் மாத்தணும். எழிலன் சார் வண்டியில வருவாரு."

"டீக்கு வடையும் வாங்கிக்கலாமா?"

"ரெண்டு வாங்கிக்கங்க அண்ணே."

போனை வைத்ததும் எழிலன் குரலைத் தாழ்த்தினான். "தில்லை, கேளு. கையால தேதியத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, அப்படியே கொண்டுபோய்க் குடுத்துடறேன். மேனேஜருக்கு ஒண்ணும் தெரிய வேணாம். லோடு போயிடும், உனக்கு ரோல் வந்துடும்."

அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலித் தாளில் 12/6 என்று தட்டினாள். அது டிசம்பர் ஆறாகிக் கட்டத்தின் வலது ஓரத்துக்குப் போனது. 13/6 என்று தட்டினாள். அது மாறாமல் இடது ஓரத்திலேயே நின்றது.

"பாத்தீங்களா சார்? அமெரிக்காவுல மாசத்த முன்னாடி எழுதுவாங்க, நாளப் பின்னாடி எழுதுவாங்க. நான் அமைப்புல அமெரிக்கான்னு வச்சிட்டேன். அதான் உங்க நாலாந்தேதி ஜூனை ஏப்ரல் ஆறுன்னு எடுத்துக்கிட்டு, பேப்பர்ல நம்ம வழக்கப்படி நாளை முன்னாடி போட்டுக் காட்டிடுச்சு. பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இல்லையே. அதனால பன்னெண்டாந்தேதிக்கு மேல தட்டுனா அதுக்குத் தேதின்னே தெரியல, வெறும் எழுத்துன்னு விட்டுடுது. மே மாசத்துல நாம பாத்ததெல்லாம் பதினாறுக்கு அப்புறம். அதான் ஒண்ணும் தெரியல. இன்னைக்கு நீங்க பேனாவால திருத்திடுவீங்க. நாளைக்கு அஞ்சு, நாளன்னைக்கு ஆறு. பன்னெண்டாந்தேதி வரைக்கும் பன்னெண்டு மேஜையிலயும் பேனாவோட நிப்பீங்களா?"

எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். எழிலனும் பின்னாலேயே போனான். தன் கையெழுத்து இருக்கிற தாளை அவள் மட்டும் தூக்கிக்கொண்டு போவது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

கனகசபாபதி முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். ஓசி ஓசிதான்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கியது.

"சரி விடு. சின்னப் பொண்ணு, ஆசையா செஞ்ச. ஒண்ணு பண்ணு. 'சாப்ட்வேர் கோளாறு'ன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடு. நான் சென்னைக்கு அனுப்பி லைசென்ஸே வாங்கிக்கறேன். உன் பேர் எங்கயும் வராது. நீ எடை மேடையிலயே இருந்துக்க. அன்னிக்குச் சொன்னதை மறந்துடலாம்."

எழிலனுக்கு மூச்சு வந்தது. வேலை தப்பித்தது என்று நினைத்தான். ஒரு வரி எழுதினால் போதும்.

"அப்புடி எழுத முடியாது சார்" என்றாள் தில்லையம்மாள்.

"ஏன்?"

"கோளாறு சாப்ட்வேர்ல இல்ல. நான் வச்ச அமைப்புல இருக்கு. 'தில்லையம்மாள் தப்பு'ன்னு வேணா எழுதித் தரேன். இது மேல பழி போட்டு எழுதுனா அது பொய்யி. இனிமே இந்தப் பேக்டரியில ஒருத்தரும் இதைத் தொட மாட்டாங்க."

"எழுதலைன்னா உன் வேலை போகும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். நான்தான சம்மதம்னு சொன்னேன்." நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "கால் மணி நேரம் மட்டும் குடுங்க. சரி பண்ணிட்டுப் போறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

"பேப்பர்ல கையெழுத்து என்னுது சார். பாக்காம போட்டது நான்" என்று எழிலன் சொன்னான். அவ்வளவு தைரியம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

கனகசபாபதி கடிகாரத்தைப் பார்த்தார். "ஓடு" என்றார்.

அவள் மேஜை மேஜையாகப் போனாள். அமெரிக்க ஆங்கிலம் என்றிருந்த இடத்தில் இந்திய ஆங்கிலம் என்று மாற்றினாள். அகராதியை மட்டும் அப்படியே விட்டாள். எழிலன் சான்றிதழில் தேதியை மறுபடி தட்டினான். 04/06/2009. இடம் மாறாமல் அப்படியே நின்றது. கடைசியாக மேனேஜரின் கம்ப்யூட்டர். அவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே ஒன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதி வரை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு மாதத்தை மாற்றித் தட்டினார். வருஷத்தை மாற்றித் தட்டினார். ஒன்றும் இடம் மாறவில்லை.

"லோடு போகட்டும்" என்றார். அவள் வேலையைப் பற்றிய முடிவைக் கஸ்டமர் பதில் வரும் வரை தள்ளிவைத்தார்.

எழிலன் புதுச் சான்றிதழோடு மோட்டார் சைக்கிளில் மஞ்சக்குப்பம் போனபோது காத்தவராயன் மூன்றாவது வடையில் இருந்தார். "என்னா தம்பி, அந்தப் பொண்ணு என் எடைய ஏத்தணும்னே உக்கார வச்சிடுச்சா?" என்றார்.

நாலு நாள். திங்கட்கிழமை பகலில் கஸ்டமரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பேப்பர் சரி, சரக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கனகசபாபதி அதை அச்செடுத்து, ஆளனுப்பாமல் தானே வெயிலில் நடந்து எடை மேடைக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்பதை ஆய்வுக்கூடத்து ஜன்னலிலிருந்து எழிலனால் கேட்க முடியவில்லை. அவர் திரும்பி வரும்போது ஒரு லாரி உள்ளே நுழைந்தது. அவரே டிரைவரைப் பார்த்து, "யோவ், எறங்கி நில்லுய்யா" என்று அதட்டிவிட்டு வந்தார்.

சென்னைக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகலைப் பின்னால் எழிலன் பார்த்தான். பன்னிரண்டு லைசென்ஸ் தேவையில்லை என்று அதில் இருந்தது. தவறு நேர்ந்ததையும், தவறு செய்தவரே கண்டுபிடித்து, மறைக்காமல் சொல்லித் திருத்தியதையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட ஆளை மஞ்சள் அட்டையில் வைத்திருப்பது நமக்குத்தான் கேடு என்று முடித்திருந்தார். அதை அவர் ஓப்பன் ஆபீஸில்தான் அடித்திருந்தார்.

சென்னைக்காரர்கள் அவசரப்படவில்லை. அக்டோபரில்தான் நீல அட்டை வந்தது. அன்று மாலை வேன் சிதம்பரத்தில் நின்றதும் தில்லையம்மாள் இறங்கி மார்க்கெட்டுக்கு ஓடினாள். எழிலனும் கூடப் போனான். முத்தம்மாள் இறால் கையோடு அட்டையை வாங்கப் பார்த்தார். "கைய கழுவும்மா மொதல்ல!" என்று மகள் அலறினாள். அவர் கழுவித் துடைத்துவிட்டு வாங்கி, படிக்கத் தெரியாததால் போட்டோவை மட்டும் பார்த்தார். "பேரு எழுதியிருக்கா?" என்று எழிலனிடம் கேட்டார். "எழுதியிருக்கும்மா. தில்லையம்மாள்னு முழுசா இருக்கு" என்றான். பக்கத்துக் கூடைக்காரியிடம் அவர் அட்டையை நீட்டியபோது, தன் அப்பா ஏன் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது எழிலனுக்குப் புரிந்தது.

தானே புயலுக்கு முந்தின வருஷம், 2010-ல், தொழிற்பேட்டையில் இன்னும் இரண்டு கம்பெனிகள் அவளைக் கூப்பிட்டுத் தங்கள் அலுவலகத்தையும் மாற்றிக்கொண்டன. அவள் போட்டுக் கொடுத்த சிடிகளின் மேல், யாருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம் என்று மார்க்கரில் எழுதியிருந்தாள்.

இப்போது 2012. தில்லையம்மாளுக்கு இருபத்தி மூன்று வயது. அதே கம்பெனியில், கம்பெனி ரோலில், கம்ப்யூட்டர் பிரிவு உதவியாளராக இருக்கிறாள். முப்பத்தோரு கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. எல்லாவற்றிலும் இப்போது லிப்ரே ஆபீஸ். அண்ணாமலை நகரில் தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கிள்ளையிலிருந்து முதல் பஸ்ஸில்தான் இன்னமும் வருகிறாள்.